சுழல்வட்டுப் பூட்டு

உள்ளே நாணயங்களைப் போல் அடுக்கிவைத்த உலோக வட்டுகளைத் திறப்பு ஒவ்வொன்றாக உரிய கோணத்துக்குத் திருப்பிவிட, அதனால் திறபடும் பூட்டே சுழல்வட்டுப் பூட்டு. வழக்கமான ஆமைப்பூட்டில் உள்ள ஸ்பிரிங்குகள் இதில் கிடையா. பின்லாந்தைச் சேர்ந்த எமில் ஹென்றிக்சன் 1907இல் இதை உருவாக்கினார். உறைபனி, தூசி, உப்புக்காற்று எதிலும் எளிதில் சிக்கிக்கொள்ளாததால் துறைமுகம், தொடருந்துப் பாதை, மின்நிலையம் போன்ற வெட்டவெளி இடங்களில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. திறப்பில்லாமல் திறக்க மிகக் கடினமான பூட்டு வகைகளுள் இதுவும் ஒன்று. பூட்டுத் திறத்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல வருடப் பழக்கத்துக்குப் பிறகே இதன் உயர்ந்த வகைகளில் கை வைக்கிறார்கள்.

கடைகளில் இதனோடு குழம்பிப்போகும் இன்னொன்று உண்டு. ஜேர்மனியின் அபுஸ் நிறுவனம் 1949இல் வெளியிட்ட டிஸ்கஸ் என்ற வட்டவடிவப் பூட்டும், அதைப் பார்த்து உலகெங்கும் செய்யப்படும் வட்டப் பூட்டுகளும் உடலால் மட்டுமே வட்டமானவை. அவற்றுட் பலவற்றின் உள்ளே இருப்பது சாதாரண ஊசிப் பொறிதான். அந்த வட்ட உடலின் நன்மை வேறு: வளையத்தின் பெரும்பகுதி உடலுக்குள் மறைந்துவிடுவதால் வெட்டுக்கத்தரியை நுழைக்க இடம் கிடைக்காது. உடலின் வலிமையையும் பொறியின் வலிமையையும் தனித்தனியே பார்க்கத் தெரியாதவர், பூட்டு வாங்கும்போது கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து ஏமாறுவார்.

உள்ளமைப்பு

அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் செப்பனிட்ட ஊசிப் பூட்டில், சிறு ஊசிகளை ஸ்பிரிங்குகள் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். திறப்பின் பற்கள் ஊசிகளைச் சரியான உயரத்துக்கு ஏற்றினால் உருளை சுழலும். உலகில் இன்றும் பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் இருப்பது இதுதான். அதன் பலவீனம் ஸ்பிரிங்குகளிலேயே இருக்கிறது. அவை கறள் பிடிக்கும், மணலில் இறுகும், குளிரில் உறையும். அதோடு, விசேடமாக வெட்டிய ஒரு திறப்பைச் செருகித் தட்டினால் ஊசிகள் ஒரு கணம் துள்ளி எழ, அந்த நொடியில் உருளையைத் திருப்பிவிடவும் முடியும்.

சுழல்வட்டுப் பூட்டில் ஏறி இறங்குவது எதுவும் இல்லை, எல்லாம் சுழல்வதே. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் திறப்பு நுழையும் துளையும், விளிம்பில் ஒரு வெட்டும் இருக்கும். திறப்பின் உடலில் வெவ்வேறு கோணங்களில் சாய்வுகள் சீவப்பட்டிருக்கும். திறப்பைத் திருப்பும்போது ஒரு வட்டு உடனே திரும்பத் தொடங்கும், இன்னொன்று சற்றுப் பொறுத்துத் திரும்பும், மற்றொன்று கடைசிவரை காத்திருக்கும். எல்லா விளிம்பு வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கையில், பக்கவாட்டில் கிடக்கும் ஒரு மெல்லிய தண்டு அந்தப் பள்ளத்தில் விழுகிறது. அதுவரை உருளையைப் பூட்டின் உடலோடு பிணைத்து வைத்திருந்தது இந்தப் பக்கத்தண்டுதான். அது விழுந்ததும் உருளை முழுவதும் சுழன்று வளையத்தை விடுவிக்கிறது. பூட்டுவதற்குத் திறப்பை எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். திரும்பும் திறப்பே வட்டுகளையும் இழுத்துக் கலைத்துவிடும். ஸ்பிரிங் இல்லாததால் தட்டித் துள்ளவைக்கும் தந்திரம் இங்கே செல்லாது.

மலிவான வகைகளில் ஐந்தாறு வட்டுகளும், தரமானவற்றில் பத்து, பதினொன்று வரையும் இருக்கும். பத்து வட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு கோண நிலைகள் என்று வைத்துக்கொண்டால், கணக்கின்படி ஆறு கோடிக்கும் மேற்பட்ட வேறுபட்ட திறப்புகளுக்கு இடமுண்டு. தயாரிப்பாளர்கள் எல்லாச் சேர்க்கைகளையும் பயன்படுத்துவதில்லை. எல்லா வட்டுகளும் ஒரே கோணத்தில் அமையும் சேர்க்கைகளைப் போல எளிதில் ஊகிக்கத்தக்கவற்றை ஒதுக்கிவிடுவார்கள்.

தோற்றமும் பரவலும்

ஹென்றிக்சன் ஹெல்சிங்கியில் காசுப் பதிவு இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். அந்த இயந்திரங்களுக்குள் சுழலும் வட்டுகளே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தன. அவரது பூட்டு 1919இல் காப்புரிமை பெற்றது, அப்லோய் என்ற பெயரும் நிலைத்தது. அப்லோய் நிறுவனம் 1994இல் சுவீடனின் அஸ்ஸாவோடு இணைந்து அஸ்ஸா அப்லோய் ஆயிற்று. 2001இல் வந்த அப்லோய் புரோடெக்கில், வட்டுகளைத் தடவிப் பார்த்துப் பக்கத்தண்டின் நிலையை அறியும் வழியையே அடைக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பொழுதுபோக்காளர்கள் கற்றுக்கொண்ட நுட்பங்களுக்குத் தயாரிப்பாளர் நேரடியாகச் சொன்ன பதில் என்றே அதைக் கொள்ளலாம்.

சைக்கிள் பூட்டுகளில் இந்த வகை பரவியதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவின் கிரிப்டோனைட் நிறுவனத்தின் குழாய்வடிவத் திறப்புப் பூட்டுகளைச் சாதாரண பிக் பேனாவின் பிளாஸ்ரிக் குழாயைச் செருகித் திருப்பியே திறக்கலாம் என்பது பகிரங்கமாயிற்று. நிறுவனம் பழைய பூட்டுகளை இலவசமாக மாற்றிக்கொடுத்தது, பின்னர் வட்டுப் பொறிக்கு மாறியது. அந்தக் குறை வெளியே பேசப்படாமல் இருந்திருந்தால் சைக்கிள் களவு கொடுத்தவர் தன் கவனக்குறைவையே நொந்துகொண்டிருப்பார்.

திறப்பின்றித் திறத்தல்

இந்தப் பொழுதுபோக்கின் வேர் லண்டனில் இருக்கிறது. ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற தன் பூட்டில் ஒன்றைப் பிக்கடிலிக் கடைக் கண்ணாடியில் வைத்து, திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தார். 1817இல் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கள்ளத்திறப்பால் நடந்த களவை அடுத்து, பிரித்தானிய அரசு உரிய திறப்பாலன்றித் திறக்கவே முடியாத பூட்டுக்குப் போட்டி வைத்தது. மறுவருடம் ஜெரமையா சப் தனது காட்டிக்கொடுக்கும் பூட்டைக் கொண்டுவந்தார். யாராவது கள்ளமாகத் திறக்க முயன்றால் அது இறுகிக்கொண்டு, உரிமையாளருக்கு அடையாளம் காட்டும்.

1851 மகா கண்காட்சிக்காக லண்டன் வந்த அமெரிக்கர் ஆல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ், சப்பின் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். பிராமாவின் பூட்டு அவரிடம் 16 நாட்களில் பரந்த 51 மணி நேரம் தாக்குப்பிடித்துப் பின் திறந்துகொண்டது. பூட்டின் பலவீனத்தைப் பகிரங்கமாகப் பேசுவது கள்வருக்கு உதவும் என்று அப்போது பலர் கொதித்தார்கள். கள்வருக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாதிருப்பது வாங்குபவருக்கு மட்டுமே என்பது ஹொப்ஸ் தரப்பின் வாதம். 170 வருடங்களுக்கும் மேலாக அந்த வாதம் அசைக்கப்படவில்லை. கணினிப் பாதுகாப்புத் துறையும் பிற்காலத்தில் அதே முடிவுக்கு வந்தது.

ஒழுங்குபட்ட விளையாட்டாக இது வளர்ந்தது ஜேர்மனியில். 1997இல் ஹம்பேர்க்கில் பூட்டுத் திறப்போர் சங்கம் ஒன்றை ஸ்ரெபன் வேர்னெரி தொடங்கினார். நெதர்லாந்தில் பரி வெல்ஸ் முன்னின்ற டூல் அமைப்பு அதன்பின் எழுந்தது. போட்டிகள் நடக்கின்றன. கராத்தேயில் உள்ளதுபோல் வெள்ளை முதல் கறுப்பு வரை தரப்பட்டைகளும் வழங்குகின்றன. சுழல்வட்டுப் பூட்டுகளில் நல்லவை மேற்பட்டைகளுக்கு உரியவை.

இதற்கான கருவி இரண்டு பாகங்களைக் கொண்டது. வெளிக்குழாய் ஒன்று உருளைக்கு மெல்லிய அழுத்தம் கொடுத்துப் பிடித்திருக்கும். அதனுள் ஓடும் கம்பியின் நுனி, ஒரு முறைக்கு ஒரு வட்டை மட்டும் திருப்பும். அழுத்தத்தில் பக்கத்தண்டு வட்டுகளின் விளிம்பை நெருக்குகிறது. எந்த இரண்டு வட்டுகளும் நுணுக்கத்தில் அப்படியே ஒத்தவை அல்ல, ஆகவே நெருக்கம் முதலில் ஏதோ ஒன்றின்மீதே விழும். அந்த வட்டு மற்றவற்றைவிட இறுக்கமாக இருப்பதை விரல் உணர வேண்டும். அதைத் திருப்பிக்கொண்டுபோனால், அதன் வெட்டு தண்டுக்கு நேரே வந்ததும் இறுக்கம் தளரும், அடுத்த வட்டு இறுகும். இப்படியே கடைசி வட்டு வரை.

சொல்லும்போது சுலபமாகத் தோன்றும் இந்த வேலையைக் கெடுப்பவை போலி வெட்டுகள். தரமான பூட்டுகளில் வட்டின் விளிம்பில் உண்மையான வெட்டைத் தவிர, ஆழம் குறைந்த பல வெட்டுகளும் இருக்கும். தண்டு அவற்றில் ஒன்றில் சற்றே விழுந்து நின்றுகொண்டு, சரியான இடம் வந்துவிட்டதுபோல் காட்டும். அபுஸ் கிரானிட் பூட்டின் பெயர் பெற்ற கடினம் பெரும்பாலும் இந்தப் போலி வெட்டுகளால் வந்தது. எந்த வட்டு எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு உண்மையையும் போலியையும் பிரித்தறிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு வட்டின் கோணத்தையும் தாளில் குறித்துக்கொண்டே முன்னேறுகிறார்கள். கண்ணால் எதையும் காணாமல் உலோகத்தின் நூலளவு அசைவை விரல்நுனியால் வாசிக்கும் இந்தத் திறமை உயர்ந்த கைவினைத் திறமைகளோடு சேர்த்து எண்ணத்தக்கது. களவுக்கு இது பயன்படுவது மிக அரிது. கள்வன் கம்பியால் நெம்புவான், நாதாங்கியை அறுப்பான். மணிக்கணக்கில் குந்தியிருந்து வட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

ஆயினும் இப்பொழுதுபோக்கின் இரண்டு விதிகளை எல்லாச் சங்கங்களும் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றன. உன்னுடையதல்லாத பூட்டை, உரியவரின் சம்மதமின்றித் தொடாதே. உன்னுடையதாயினும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே. இரண்டாவது விதிக்குக் காரணம், பழகாத கை பொறியைச் சேதப்படுத்தி வீட்டுக்காரரைத் தெருவில் நிறுத்திவிடக்கூடும் என்பது. இலங்கைச் சட்டம், வீடுடைக்க உதவும் கருவிகளைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பதையே குற்றமாகப் பார்க்கிறது. ஆகையால் கருவியை மேசையில் வைத்துப் பழகுவதே முறை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரவில் வெளியே போவது வீண் வம்பு.

தமிழர் கைவினையில்

பூட்டைப் புதிராகச் செய்யும் மரபு தமிழகத்தில் திண்டுக்கல்லுக்கு உரியது. அங்கே கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டும், திறக்கும்போது மணியடிக்கும் பூட்டும் பேர்பெற்றவை. தவறான திறப்பைச் செருகினால் அதைத் திரும்ப விடாமல் கவ்விக்கொள்ளும் பூட்டுகளும் உண்டு. சப் காப்புரிமை வாங்கிய எண்ணத்தின் உறவினர் என்று இவற்றைச் சொல்லலாம். இவை நெம்புத்தகடுகளால் இயங்குபவை, வட்டுகளால் அல்ல. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடஇந்திய நகரான அலிகாரின் இயந்திரத் தயாரிப்புகளோடு விலையில் போட்டியிட முடியாமல் பட்டறைகள் குறைந்துவிட்ட பிறகே அந்த அங்கீகாரம் வந்தது. பூட்டுத் திறத்தலை விளையாட்டாக மதிக்கும் ஒரு தலைமுறை தமிழரிடையே உருவானால், இந்தத் தந்திரப் பூட்டுகளை உண்மையாகவே விரும்பி வாங்குவோர் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

உப்புக்காற்றில்

பின்லாந்தின் குளிருக்குச் செய்த பொறி நம் கரைகளுக்கும் பொருந்துவதன் காரணம் ஒன்றே: ஸ்பிரிங் இல்லாமை. கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் தொட்டுக்கிடக்கும் கிண்ணியாவை எடுத்துக்கொள்வோம். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைப் பக்கம் போக, பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி நீரைக் கடக்க வேண்டியிருந்த ஊர் இது. தோணியைச் சங்கிலியிட்டுப் பூட்டுபவருக்கும், வாடியில் வலையும் இயந்திரமும் வைத்திருப்பவருக்கும் பூட்டு என்பது நாள்முழுதும் கடல்காற்றில் கிடக்கும் பொருள். கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவருகிறது, வாடைக்காலம் மழையைக் கொண்டுவருகிறது, இரண்டுக்கும் நடுவில் உப்பு எப்போதும் இருக்கிறது. ஊசிப் பூட்டில் ஒரு ஸ்பிரிங் கறள்பிடித்தால் போதும், சரியான திறப்பும் வேலை செய்யாது. வட்டுகள் அழுக்கேறினாலும் திறப்பின் நேரடி விசையால் திரும்பிவிடும்.

இதற்குப் பராமரிப்பு வேண்டாம் என்று பொருள் இல்லை. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உலரவைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் சில துளி விட வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம். முதலில் வழுக்கினாலும் நாளடைவில் புழுதியோடு சேர்ந்து பிசுபிசுத்து வட்டுகளை ஒட்டவைத்துவிடும். வளையம் கறள்படாத உருக்கா என்பதையும், நாதாங்கியும் அதைப் பிடிக்கும் ஆணிகளும் பூட்டுக்கு ஈடு கொடுக்குமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று திறப்புப் பிரதி. சாய்கோணத்தில் சீவிய இந்தத் திறப்புகளைச் சந்தையில் திறப்பு வெட்டும் சாதாரண இயந்திரத்தில் வெட்ட முடியாது, தனி இயந்திரம் வேண்டும். உயர்ந்த வகைகளுக்குக் குறியீட்டு அட்டையைக் காட்டினால் மட்டுமே பிரதி கிடைக்கும். பூட்டோடு வரும் இரண்டு அல்லது மூன்று திறப்புகளில் ஒன்றையும் அந்த அட்டையையும் கரையில் கொண்டுதிரியாமல் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். கடலில் விழுந்த திறப்புக்குப் பதிலாக இன்னொன்று இல்லாவிட்டால், அந்தச் சங்கிலியை அறுப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இராது.