துறவியின் சுரங்களும் கிதாரின் தந்திகளும்

ஜூபிலி மலரிலே கிதாரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். ஆர்மோனியம் இருந்த இடத்தில் சினிமா வாத்தியம் வந்து உட்கார்ந்துகொண்டது என்ற மனத்தாங்கல் நாம் கேளாததல்ல. இளைஞரோ, நாலு கார்டு கற்றுக்கொண்ட வாரமே பாடற்குழுவில் வந்து நிற்கின்றனர். விரலை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும்; அங்கே ஒலிக்கும் சுரம் எது என்று கேட்டால் விழிக்கின்றனர். பாட்டைச் சற்று இறக்கி வாசியுங்கள் என்றதும் கை நின்றுவிடுகிறது. இரு சாராரும் அறிய வேண்டிய பழைய வரலாறு ஒன்று உண்டு.

கிதார் பயில்பவன் முதலில் கற்கவேண்டிய சுரப்பாடம், கோவிலில் பாடும் சிறுவருக்காகவே உண்டானது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன், இத்தாலி நாட்டின் பொம்போசா மடத்தில் கீதோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி இருந்தார். அந்நாளில் பாடல்களைச் செவிவழியாகவே கற்க வேண்டும். பத்தாண்டு பயின்றவனும் முன்பு கேளாத பாட்டை ஏட்டைப் பார்த்துப் பாட அறியான். கீதோ கோடுகளின்மேலும் அவற்றின் இடைவெளிகளிலும் சுரங்களைக் குறிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உடனிருந்த துறவிகளுக்கு இது பிடிக்கவில்லை. பொறாமை தாளாமல் அவர் அரெட்சோ நகர் ஆயரிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய புகழைக் கேள்வியுற்ற பாப்பரசர் 19-ம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்தார். தாம் ஒருநாளும் கேட்டிராத ஒரு வரியை ஏட்டைப் பார்த்துப் பாடும்வரை பாப்பரசர் இருக்கையை விட்டு எழவில்லையாம்! கீதோவே தம் நண்பர் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார்.

அதே கடிதத்தில்தான் சுரப் பெயர்கள் தோன்றும் இடமும் இருக்கிறது. ஜூன் 24-ல் வரும் ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்குரிய இலத்தீன் கீதம் ஒன்றில், ஒவ்வொரு பகுதியும் முந்தியதைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அப்பகுதிகளின் முதல் அசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா. இந்த ஆறில் மி-க்கும் ஃபா-வுக்கும் நடுவே மட்டும் அரைச்சுரம்; மற்றவை முழுச்சுரம். அரைச்சுரம் சரியாக நட்டநடுவில் விழுவதால், அதைப் பிடித்துக்கொண்ட சிறுவன் மற்றவற்றைத் தடவாமல் பாடினான். ஏழாம் சுரத்துக்கு அந்தப் புனிதரின் இலத்தீன் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்து ஸி என்று பிற்காலத்தார் பெயரிட்டனர். ஆங்கிலேயர் அதைத் தி ஆக்கினர். உத் என்பதும் தோ என்று மாறியது. நம் சங்கராபரணத்தின் ச ரி க ம-வும் இந்த வரிசைதான்.

இனி கிதாரைக் கையில் எடுப்போம். வீணையில் மெட்டு என்பதைக் கிதாரில் ஃபிரெட் என்பர். ஒரு ஃபிரெட் நகர்ந்தால் அரைச்சுரம், இரண்டு நகர்ந்தால் முழுச்சுரம். தந்தியின் சரிபாதியில் உள்ள 12-ம் ஃபிரெட்டில் ஒரு ஸ்தாயி நிறைவுறும். சி மேஜரில், மெல்லிய தந்திக்கு அடுத்ததான 2-ம் தந்தியை வெறுமனே மீட்டினால் தி. 1-ம் ஃபிரெட்டில் தோ, 3-ல் ரே. மெல்லிய தந்தியை வெறுமனே மீட்டினால் மி. 1-ல் ஃபா, 3-ல் சோல், 5-ல் லா, 7-ல் தி, 8-ல் மேல் தோ. மி-ஃபா, தி-தோ இரண்டுமட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். கீதோ செவிக்குக் காட்டியதைக் கிதார் விரலுக்குக் காட்டுகிறது.

கார்டுகளின் கதை ஸ்பெயினில் நடக்கிறது. மொன்செராத் மாதா திருத்தலத்துக்கு அருகிலுள்ள மொனிஸ்ட்ரோல் ஊரில் மருத்துவராயிருந்த ஜுவான் கார்லோஸ் அமாத், ஐந்து இரட்டைத் தந்திக் கிதாருக்கு ஒரு சிறு நூல் எழுதினார். 1596-ல் வெளிவந்தது என்பர். இன்று கிடைப்பதில் மிகப் பழையது 1626-ம் ஆண்டுப் பதிப்பு. அவர் 12 மேஜர், 12 மைனர் கார்டுகளுக்கு எண் கொடுத்தார். இத்தாலியர் எழுத்துக் கொடுத்தனர். வேடிக்கை என்னவெனில், அவர்கள் ஏ என்றது நாம் இன்று ஜி என்னும் கார்டை! 1674-ல் சரகோசாவில் பெரிய கிதார்ப் பாடநூலை அச்சிட்ட காஸ்பர் சான்ஸ், சலமான்காவில் வேதசாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றவர்.

தோ-மி-சோல் சேர்ந்தால் சி கார்டு. ஃபா-லா-தோ எஃப். சோல்-தி-ரே ஜி. எண்ணிப் பாருங்கள், ஏழு சுரங்களும் இந்த மூன்றிலேயே அடங்கிவிட்டன. எளிய பாடல்கள் பலவற்றுக்கு மூன்று கார்டு போதும் என்பதன் காரணம் இதுவே.

1818 கிறிஸ்துமஸ் இரவில் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் புனித நிக்கொலாஸ் கோவிலில், துணைக்குரு யோசேப் மோர் கிதார் மீட்டிப் பாட, இசையமைத்த ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் உடன்பாட, உலகறிந்த 'அமைதி இரவு' கீதம் முதன்முறை ஒலித்தது. ஆர்கன் பழுதானதால் வேறு வழியின்றிக் கிதார் எடுத்தார்கள் என்றும், எலி கடித்தது என்றும் கதைகள் உண்டு. குரூபர் 1854-ல் எழுதிய குறிப்பில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. கிதார் வேண்டுமென்றே எடுக்கப்பட்டது என்பதே நம் எண்ணம்.

1903-ல் பாப்பரசர் 10-ம் பத்திநாதர் கோவிலில் விலக்கிய வாத்தியங்களுள் பியானோவின் பெயர் உண்டு, கிதாரின் பெயர் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1963-ல் குழல் ஆர்கனுக்கு முதன்மை கொடுத்து, தேவாலயத்தின் மாண்புக்கு இசைந்த பிற வாத்தியங்களைத் திருச்சபை அதிகாரியின் இசைவுடன் அனுமதித்தது. இசைந்ததாக்குவது வாசிப்பவன் கையில்.

மோர் தம் கைப்பட எழுதிய ஏடு டி மேஜரில் உள்ளது. டி, ஜி, ஏ கார்டுகளே அதற்கு அடிப்படை. சிறுவருக்கு அது உயரமானால், தோ-வை இரண்டு ஃபிரெட் கீழே இறக்குக: டி இருந்த இடத்தில் சி, ஜி-க்கு எஃப், ஏ-க்கு ஜி. தோ இடம் மாறினாலும் பாடும் சுரப் பெயர்கள் அவையேதாம்.