தண்ணீர் யாருடையது? ஓவர்லேண்டிங்கின் முன்கதை

கொஞ்ச நாளாக எங்கள் நண்பர்கள் வட்டத்தில் 'ஓவர்லேண்டிங்' பேச்சுதான். ஒரு தாரோ ஜிம்னியோ வாங்குவது, கூரையில் கூடாரம் மாட்டுவது, பின்னால் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அதற்கு இரண்டாவது பேட்டரி, பிறகு ரோடு முடிகிற இடத்தைத் தாண்டிப் போய் ஒரு வாரம் தங்குவது. புதிதாக வருபவர்கள் கேட்பதெல்லாம் சாமான்களைப் பற்றியே. எந்த டயர்? வின்ச் அவசியமா? தண்ணீர் டேங்க் எத்தனை லிட்டர்?

எனக்கு வந்த சந்தேகம் வேறு. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனதில் ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். (புத்தகத்திலும் செயற்கைக்கோள் படத்திலும்தான், நேரில் இல்லை!) இந்தப் பதிவு அந்தத் தேடலின் குறிப்புகள்.

மாடு ஓட்டியவர்கள்

1836-ல் தெற்கு ஆஸ்திரேலியா தனிக் காலனி ஆனது. தலைநகர் அடிலெய்டில் புதுக் குடியேறிகள் வந்து குவிந்தார்கள், ஆனால் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. மாடுகள் கிழக்கே நியூ சவுத் வேல்ஸில் ஏராளம். கப்பலில் ஏற்றினால் செலவு அதிகம், வழியிலேயே பல செத்தும் போகும். 1838-ல் ஜோசப் ஹாடனும் சார்லஸ் பானியும் 300-க்கும் மேற்பட்ட மாடுகளை முர்ரே ஆற்றங்கரை வழியாகத் தரை மார்க்கமாகவே நடத்தி, ஏப்ரலில் அடிலெய்டு சேர்த்தார்கள். நல்ல விலை கிடைத்தது. பின்னாலேயே பலர் கிளம்பினார்கள். கடல் வழியை விட்டுத் தரை வழியே மந்தை ஓட்டி வந்த இவர்களுக்குத்தான் 'ஓவர்லேண்டர்' என்று பெயர்.

ஆற்றங்கரை காலியாக இருக்கவில்லை. பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த இடம் அது. மந்தை வந்தால் கரை மிதிபடும், வேட்டை விலங்கு விலகிப்போகும். மோதல் வந்தது. 1841 ஆகஸ்டில், முர்ரேயில் கலக்கும் ரூஃபஸ் ஆற்றங்கரையில், போலீஸ்காரர்களும் மந்தை ஓட்டிகளும் சேர்ந்து சுட்டதில் மராவுரா மக்கள் குறைந்தது 30 பேர் இறந்தார்கள். சொல் பிறந்து மூன்று நான்கு வருஷத்துக்குள் இவ்வளவும் நடந்துவிட்டது.

ஒரு உண்ணி போட்ட ரோடு

இனி எழுபது வருஷம் தாண்டி, நாட்டின் மேற்குப் பக்கம் போவோம். இன்று ஓவர்லேண்டிங் பிரியர்கள் பலர் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஓட்ட ஆசைப்படும் பாதை கானிங் ஸ்டாக் ரூட். தெற்கே வில்லூனாவில் தொடங்கி வடக்கே ஹால்ஸ் கிரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர். வழியில் ஏறி இறங்க வேண்டிய மணல்மேடுகள் சுமார் 900.

இது உருவானதற்குக் காரணம் ஒரு பூச்சி. 1890-களில் கூல்கார்டி, கால்கூர்லி பகுதியில் தங்கம் கிடைத்தது, தெற்கில் மாட்டிறைச்சிக்குக் கிராக்கி ஏறியது. வடக்கே கிம்பர்லியில் மாடு நிறைய. ஆனால் கிழக்குக் கிம்பர்லி மாடுகளிடம் உண்ணி இருந்தது. அந்த உண்ணி பரப்புகிற காய்ச்சலில் மாட்டின் சிறுநீர் சிவந்துபோய் மாடு செத்துவிடும். அதனால் அவற்றை மற்ற மாடுகள் இருக்கும் வழியில் கொண்டுபோகத் தடை. 1905-ல் ஜேம்ஸ் இஸ்டெல் ஒரு யோசனை சொன்னார்: பாலைவனத்துக்குள் நடத்திக் கொண்டுபோனால் வறட்சியில் உண்ணி தானே செத்துவிடுமே!

வேலை ஆல்ஃபிரட் கானிங் என்ற சர்வேயரிடம் போனது. முயல் பரவாமல் தடுக்கும் புகழ்பெற்ற நீண்ட வேலிக்குச் சர்வே செய்தவர் அவர். 1906-ல் 8 ஆட்கள், 23 ஒட்டகங்கள், 2 குதிரைகளோடு கிளம்பினார். மந்தை நடக்க ரோடு போட வேண்டியதில்லை. தேவை தண்ணீர் மட்டுமே: ஒன்றிரண்டு நாள் நடை தூரத்துக்கு ஒரு கிணறு, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மாடுகளுக்குப் போதுமான நீர். அதைப் பாலைவனத்தில் எங்கே தேடுவது?

சங்கிலி

பாலைவனத்து மக்களுக்கு அது தெரியும். மணலைத் தோண்டினால் ஊறும் சுனையை வால்மஜாரி மொழியில் 'ஜுமு' என்பார்கள். எந்த வறட்சியிலும் வற்றாத ஊற்று 'ஜிலா'. ஜிலா வெறும் நீர்நிலை மட்டும் அல்ல, மழை தரும் மூதாதை பாம்பு வடிவில் அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. வெளியாள் நேராகப் போய் இறங்கிவிட முடியாது, அந்த இடத்துக்கு உரியவர் அறிமுகப்படுத்த வேண்டும். நம்ம ஊரில் கோயில் குளத்துக்கு ஒரு மரியாதை உண்டு இல்லையா, அதைவிடப் பல மடங்கு கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கானிங்கின் வழிமுறை எளிமையானது. வழியில் தென்படும் ஆளைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலி போடுவது, ராத்திரி மரத்தில் கட்டுவது. தாகம் எடுத்தால் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தானே ஆக வேண்டும். அடுத்த நீர்நிலையைக் காட்டியதும் விட்டுவிடலாம், அங்கே வேறு ஆள் கிடைப்பார். இன்றைய வரைபடத்தில் 1-லிருந்து 51 வரை எண் போட்டிருக்கும் கிணறுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஜுமுவாகவோ ஜிலாவாகவோ இருந்த இடங்கள், அல்லது அவற்றுக்குப் பக்கத்தில் தோண்டியவை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் குழுவின் சமையல்காரர் எட்வர்ட் பிளேக் திரும்பி வந்ததும் புகார் கொடுத்தார். 1908-ல் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. சங்கிலி பயன்படுத்தியதைக் கானிங் மறுக்கவே இல்லை. புகழ்பெற்ற நாடாய்வாளரும் முன்னாள் பிரீமியருமான ஜான் ஃபாரஸ்ட் அவருக்கு ஆதரவாக வந்தார், தேடிப் போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்ற வாதத்தோடு. ஆணையம் கானிங்கைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதே வருஷம் அவர் 31 ஆட்கள், 70 ஒட்டகங்கள், பாலுக்கும் கறிக்குமாக 267 ஆடுகளோடு கிணறு வெட்டக் கிளம்பினார். 1910-ல் வேலை முடிந்தது.

எனக்கு இந்த இடத்தில் அந்தச் சமையல்காரர்தான் மனதில் நிற்கிறார். எட்டுப் பேர் பார்த்தார்கள், ஒருவர் பேசினார். அவர் பேசாமல் இருந்திருந்தால் விசாரணைப் பதிவே இருந்திருக்காது. 'துணிச்சலான சர்வே' என்ற ஒரு வரியோடு கதை முடிந்திருக்கும்.

கிணறு யாருக்கு?

நம்ம ஊர்க் கவலை இறைப்பைப் பார்த்தவர்களுக்குக் கானிங் கிணறு உடனே புரியும். ஆழக் கிணறு, பெரிய வாளி, கப்பி, இழுக்க ஒரு மிருகம். இங்கே மாடு, அங்கே ஒட்டகம். மிருகம் இல்லையென்றால் பலசாலிகள் சிலர் சேர்ந்துதான் வாளியை மேலே கொண்டுவர முடியும்.

இதன் அர்த்தத்தை யோசியுங்கள். முன்பு கையாலேயே தோண்டித் தண்ணீர் எடுத்த இடத்தில், இப்போது மரம் அடித்த செங்குத்தான குழி. அம்மாவும் குழந்தைகளும் தனியாக வந்தால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. எடுக்கப் போய் உள்ளே விழுந்து இறந்தவர்கள் உண்டு. கிணறுகள் உடைபட்டதில் ஆச்சரியம் இல்லை.

1911-ல் முதல் மந்தைகள் புறப்பட்டபோது 37-ஆம் கிணற்றருகே மந்தை ஓட்டிகள் மூவர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குப் போலீஸ் படை போய்ப் பழங்குடியினரைச் சுட்டது. 1911 முதல் 1931 வரை இந்த வழியாகப் போன மந்தைகள் மொத்தம் எட்டுத்தான். 1929-ல் பழுதுபார்க்கப் போன வில்லியம் ஸ்னெல், கிணறு உடைவதற்கான காரணத்தை நேரில் கண்டார். உள்ளூர் மக்களும் இறங்கித் தண்ணீர் எடுக்கட்டும் என்று கிணறுகளில் ஏணி வைத்தார். இருபது வருஷப் பகைக்கு ஏணி ஒரு தீர்வு! மென்பொருள் மொழியில் சொன்னால், ஏற்கெனவே இருந்த பயனரைக் கேட்காமல் செய்த டிசைனுக்குப் போட்ட பேட்ச். கடைசி மந்தை 1959-ல் போனது.

இந்தப் பாதையின் கதையில் இன்னொரு மனிதரும் உண்டு. 33-ஆம் கிணற்றுக்குப் பக்கத்தில், 1926 வாக்கில் பிறந்த ரோவர் தாமஸ். சிறுவனாக இதே வழியில் வடக்கே போய், பில்லிலூனா பண்ணையில் மாடு மேய்க்கக் கற்றுப் பல வருஷம் அந்தத் தொழிலில் இருந்தார். ஐம்பது வயதை ஒட்டித்தான் ஓவியம் வரையத் தொடங்கினார். 1990-ல் வெனிஸ் பியன்னாலேயில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றார். ஓவர்லேண்டர் என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்தான் நினைவுக்கு வருவார். அந்தத் தொழிலைத் தூக்கிச் சுமந்தவர்களில் பலர் ரோவர் தாமஸ் மாதிரி ஆட்கள்.

நகர்ந்து வந்த பாறை

மாடுகளுக்குப் பிறகு மோட்டார். அதைத் தொடங்கி வைத்தது பொழுதுபோக்கு அல்ல, ராக்கெட். தெற்கு ஆஸ்திரேலியாவின் வூமெராவில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஏவுதளம் அமைத்தன. ஏவும் திசை வடமேற்கு, அதாவது பாலைவனம். அங்கே போய்வர லென் பீடெல் என்ற சர்வேயரின் குழு 1950-களிலும் 60-களிலும் சுமார் 6,000 கிலோமீட்டர் பாதை போட்டது. 1958-ல் முடிந்த கன்பேரல் ஹைவே அதில் ஒன்று. இன்னொன்றான ஆன் பீடெல் ஹைவே, 1953-ல் அணுகுண்டு வெடித்துப் பார்த்த ஈமு ஃபீல்டு வழியாகப் போகிறது. இன்றைய பயணத் திட்டங்களில் இவை எல்லாம் 'கிளாசிக் ரூட்'.

1964-ல் புளூ ஸ்ட்ரீக் ராக்கெட் ஏவத் தயாரானபோது, அது விழக்கூடிய பகுதியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ரோந்து அதிகாரிகள் வண்டியில் போனார்கள். கானிங் பாதையை ஒட்டிய பெர்சிவல் ஏரிகள் பகுதியில் மார்ட்டு இனப் பெண்களும் குழந்தைகளுமாக 20 பேர் இருந்தார்கள். வெள்ளையரையே பார்க்காதவர்கள். அவர்களில் 17 வயது யுவாலியும் ஒருவர். பிற்காலத்தில் அவர் தன் அனுபவத்தை விவரமாகப் பதிவு செய்தார். 2009-ல் வந்த 'காண்டாக்ட்' ஆவணப்படம் அதைச் சொல்கிறது. வண்டியை முதலில் பார்த்தபோது பாறை ஒன்று உயிர்பெற்று உருண்டு வருவதாக நினைத்து ஓடி ஒளிந்தார்களாம்.

ஓவர்லேண்டிங் பற்றி எவ்வளவோ படங்கள் பார்த்திருக்கிறோம். எல்லாவற்றிலும் கேமரா வண்டிக்குள் இருக்கும், அல்லது வண்டியைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு நிற்கும். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வண்டியைப் பார்த்தவரின் வாக்குமூலம் இது. அந்தக் குழு அந்த வருஷமே பாலைவனத்தை விட்டு வெளியே கொண்டுவரப்பட்டு, ஜிகலாங் மிஷனில் சேர்க்கப்பட்டது. நான்கு வருஷம் கழித்து, 1968-ல், அரசு சர்வேயர்கள் மூவர் கானிங் பாதை முழுவதையும் முதல்முறையாக மோட்டார் வண்டியில் கடந்தார்கள். அதன்பின் வந்தவர்கள் கண்டது 'ஆளில்லாப் பாலைவனம்'. ஆளில்லாமல் ஆனது எப்படி என்று இப்போது தெரிகிறது.

அனுமதிச் சீட்டு

சரி, இதெல்லாம் புதிதாக ஒரு வண்டி வாங்குபவருக்கு எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேர், 18 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் 180 லிட்டர், அதாவது 180 கிலோ. அதன் மேல் டீசல், உணவு, உதிரி டயர். வண்டி தாங்கும் எடை அங்கேயே திணறும். அதனால் கானிங் பாதையில் போகிறவர்கள் முழுத் தண்ணீரையும் சுமப்பதில்லை. தன்னார்வலர்கள் சீரமைத்து வைத்திருக்கும் சில கிணறுகளில் நிரப்பிக்கொள்கிறார்கள். டீசலுக்கு நம்பியிருப்பது 33-ஆம் கிணற்றருகே உள்ள குனவரிஜி என்ற பழங்குடி ஊரை. 'யாரையும் சாராத பயணம்' என்று விளம்பரம் என்னதான் சொன்னாலும், 1906-ல் இருந்த கணக்கு மாறவில்லை. வழியில் இருப்பவர்களின் தண்ணீரை நம்பித்தான் பயணம்.

மாறியிருப்பது சட்டம். 2002-ல் மார்ட்டு மக்களுக்கு சுமார் 1,36,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மேல் பூர்வீக உரிமை உறுதியானது. 2007-ல் வடக்கே ஙுர்ராரா மக்களுக்கு. அந்த வழக்குக்காக 1997-ல் அவர்கள் கூடி ஏறக்குறைய 10 மீட்டருக்கு 8 மீட்டர் அளவில் ஒரு துணியில் தங்கள் நாட்டை வரைந்தார்கள். தீர்ப்பாயத்தின் முன்னால் ஒவ்வொருவரும் அந்தப் படத்தில் தன் நீர்நிலை இருக்கும் இடத்தின் மேல் நின்று சாட்சி சொன்னார்கள். சங்கிலியில் கட்டி வாங்கிய அதே தகவலை, இந்தத் தடவை உரிமைப் பத்திரமாக அவர்களே எடுத்து வைத்தார்கள்.

இன்று இந்தப் பாதையில் போக நில உரிமையாளர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும். 'காட்டுக்குள் போகக் காசா? சுதந்திரம் எங்கே?' என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சீட்டு வேறு மாதிரித் தெரிகிறது. ஜிலாவுக்கு வரும் வெளியாள் முதலில் அறிமுகம் ஆக வேண்டும் என்ற பழைய விதியின் ஆன்லைன் படிவம் அது. கானிங் தாண்டிப் போன விதி.

ஆகவே புதிதாகத் தொடங்குகிற நண்பர்களுக்கு: சாமான் பட்டியலில் டயருக்கும் வின்ச்சுக்கும் மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் எங்கே தண்ணீர் நிரப்பப் போகிறோம், அது யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும்? பாலைவனமோ, மலைக்காடோ, நாம் டேங்கில் நிரப்பும் தண்ணீர் யாரோ ஒருவருடைய குடிநீர்.

(அடுத்த பதிவு: 1860-ல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்பர்ன் போய் இறங்கிய கதை.)