அறாமல் நீளும் அலுமினியம்

கம்பியை இழுத்தால் கொஞ்சம் நீளும். பிறகு ஓரிடத்தில் மெலிந்து அறுந்துவிடும். உலோகத்தின் குணம் அவ்வளவுதான் என்றே பலரும் நினைத்திருந்தார்கள், நேயர்களே. 1934ஆம் ஆண்டில் பிரிட்டனின் பியர்சன், பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த கம்பி ஒன்றை மிக மெதுவாக இழுத்தார். அது அறாமல் 1950 விழுக்காடு நீண்டது. அந்தக் கம்பியைச் சுருட்டி வைத்துத்தான் படம் எடுத்தார்கள்!

வியந்தவர்கள் பிறகு மறந்துபோனார்கள். 1945இல் சோவியத் யூனியனில் போச்வாரும் ஸ்விடர்ஸ்காயாவும் துத்தநாக அலுமினியக் கலவையில் இதையே கண்டு, 'மீநெகிழ்வு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். (அணுகுண்டுக்கான புளூட்டோனிய வேலையில் பின்னாளில் முன்னின்றவரும் இதே போச்வார்தான்.) மேலைநாடுகள் விழித்துக்கொள்ள 1960கள் ஆயின.

உலோகம் என்பது நெருக்கி அடுக்கிய படிக மணிகள். அவை 10 மைக்ரோமீட்டருக்கும், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும், சிறிதாக இருந்தால் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். இதைப் பயன்படுத்தி, 1970களில் பிரிட்டனில் 'சுப்ரால்' என்ற அலுமினியத் தகட்டைச் சூடாக்கி, காற்றழுத்தத்தால் அச்சுக்குள் ஊதி உருவம் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பாகத்துக்கே பல நிமிடம் பிடித்தது. விமானத் தொழில் காத்திருக்கும். கார்த் தொழிற்சாலை காத்திருக்குமா?

மணியின் அளவைப் பத்தில் ஒன்றாக்கினால், கணக்குப்படி வேகம் ஏறத்தாழ நூறு மடங்காகும். எப்படிச் சிறிதாக்குவது? தகட்டை உருட்டிக்கொண்டே போனால் அது காகிதமாகிவிடும். மின்ஸ்க் நகரில் செகால் 1970களில் ஒரு வழி கண்டார். உலோகத் தண்டை 'எல்' வடிவக் குழாயில் அழுத்தித் தள்ள வேண்டும். வளைவில் உள்ளே நசுங்கினாலும் தண்டு அதே பருமனில் வெளிவரும்; ஆகவே மறுபடி மறுபடி தள்ளலாம். பேரழுத்தத்தில் வைத்துத் திருகுவது இன்னொரு வழி. இத்தகைய கடும் உருக்குலைப்பால், ரஷ்யாவின் ஊஃபா நகரில் வாலியெவ் குழுவினர் செம்பும் சிர்க்கோனியமும் கலந்த அலுமினியத்தில் மணிகளை 0.3 மைக்ரோமீட்டராக்கினர். அது 220 டிகிரி செல்சியஸிலேயே மீநெகிழ்வு காட்டியதை 1988இல் வெளியிட்டனர். 1997இல் அமெரிக்காவின் லாங்டனோடு சேர்ந்து, லித்தியம் கலந்த அலுமினியத்தை 350 டிகிரியில், விநாடிக்கு ஒரு விழுக்காடு என்ற விரைவில், 1000 விழுக்காட்டுக்கு மேல் நீட்டிக் காட்டினர்.

சிர்க்கோனியத்தை நான் சாமானியமாக நினைக்கமாட்டேன். சூடுபட்டால் மணிகள் மீண்டும் பருக்கும். சிர்க்கோனியத்தால் உண்டாகும் நுண்துகள்களே அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இன்னும் தீராத சங்கடம் வேறு. அந்தக் குழாயிலிருந்து வருவது சிறு தண்டுதான். கார்க் கதவுக்கு வேண்டியதோ அகலத் தகடு, அதுவும் மலிவாக.