பத்தாயமும் விதைநெல்லும்

தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் பத்தாயம் இருந்தது. நொச்சியும் வேப்பிலையும் இட்டு, நஞ்சின்றியே நெல்லை வண்டுகளிடமிருந்து காத்தனர் நம் தாய்மார். அடுத்த போகத்துக்கான விதையும் வீட்டிலேயே இருந்தது.

1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய புதிய இரகங்கள் வந்தன. பசித்த நாட்டிற்கு அவை சோறிட்டன. அதை மறுப்பது நன்றிகேடு. ஆயின் உரமும் பூச்சிமருந்தும் உடன்வந்தன. விதை கடைக்குப் போயிற்று, பத்தாயம் வெறுமையாயிற்று.

திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டின் 'நெல்' ஜெயராமன், நம்மாழ்வார் காட்டிய வழியில் பழைய விதைகளைத் தேடி அலைந்தார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என 150க்கும் மேற்பட்டவை சேர்ந்தன. 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா கண்டார். 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விலையில்லை, பத்திரமில்லை. இரண்டு தாலந்து பெற்று நான்காகக் கொணர்ந்த ஊழியனைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் நமக்கு இக்கணக்கே நினைவில் எழுகிறது. 2018 டிசம்பர் 6இல் அவர் மறைந்தார்.

"நிலமில்லாத எங்களுக்கு விதை எதற்கு, சாமி?" என்பர் நம் மக்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உலையிலிட ஒருவர் கேட்டால்தானே வயலில் ஒருவர் விதைப்பார்? மாதம் ஒரு படி பூங்கார் அரிசி நாமும் வாங்கத் தொடங்கியுள்ளோம். நம் பங்கு இல்லத்துப் பத்தாயத்தில் இன்னும் உடைந்த நாற்காலிகளே கிடக்கின்றன.