புகையில்லா வெடிமருந்தும் அருவங்காடும்

நீலகிரி மலையில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அருவங்காடு என்னும் ஊர் உளது. அங்கே 1903-இல் நிறுவப்பெற்ற வெடிமருந்துச் சாலைக்குக் ‘கார்டைட் தொழிற்சாலை’ என்பது பெயர். இப்பெயரின் வரலாறு, தூய்மையாக எரியும் மருந்தைத் தேடிய மனித முயற்சியின் வரலாறேயாகும்.

பழைய கரிமருந்து வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பங்கில் அமைந்தது. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அதில் ஒரு பகுதி வெண்புகையாய்ச் சுடுவோனின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. மற்றொரு பகுதி குழலினுள் படிந்து அடைத்தது. ஆகவே கரிமருந்தின் மாசு போர்வீரனின் உயிரைப் பற்றிய செய்தியாயிற்று.

1884-இல் பிரான்சு நாட்டுப் போல் வியேய் என்பார் புகை குறைந்த மருந்தைக் கண்டார். 1887-இல் ஆல்பிரட் நோபெல் மற்றொன்றை ஆக்கினார். 1889-இல் இங்கிலாந்தின் ஏபெல், டீவார் என்னும் இருவர் கார்டைட்டைப் படைத்தனர். நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 என்ற பங்கில் கூட்டி, அசிட்டோன் விட்டுப் பிசைந்து, துளைகளின் வழியே இழைகளாகப் பிழிந்தனர். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

1888-இல் கரிமருந்துடன் வெளிவந்த .303 தோட்டா, 1891 முதல் கார்டைட்டை ஏற்றது. 1942 சனவரியில் மெர்சிங் ஆற்றங்கரையிலும் நித்ஸ்டேல் தோட்டத்திலும் சப்பானியரை எதிர்த்த ஆஸ்திரேலியர் ஏந்தியதும் .303 துப்பாக்கியே. மரங்களினிடையே பதுங்கிச் சுடுவோரைப் புகைமண்டலம் காட்டிக்கொடுத்த காலம் அதற்குள் மறைந்துவிட்டது.

ஆயினும், புகை நீங்கியதனால் குறை முற்றும் நீங்கிற்றா? இல்லை. கார்டைட்டின் கடுவெப்பம் குழலின் எஃகையே அரித்தது. எனவே நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆக உயர்த்திப் புதுக்கலவை அமைத்தனர். கண்ணுக்குத் தூய்மை, குழலுக்குத் தூய்மை, எஃகுக்குத் தீங்கின்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை அறிஞர் அப்போது உணர்ந்தனர்.

இம்மருந்து வெப்பத்தில் விரைந்து கெடும் இயல்பினது. அருவங்காட்டின் குளிர்ந்த காற்று அதற்கு ஏற்றதாயிற்று; காட்டேரி அருவியின் நீர் மின்னாற்றல் தந்தது. 2021 முதல் அச்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றது.

நைட்ரோகிளிசரினைக் கையாள்வோர்க்குக் கடுந்தலைவலி உண்டாதலை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். போர்க்களத்தில் குறைந்த இன்னல், மருந்து பிசையும் தொழிலாளியின் தலையில் ஏறிற்று. ஒரு பொருள் தூயது என்று சொல்லுமுன், அது யாருக்குத் தூயது எனக் கேட்பதே வரலாறு கற்பார்க்கு அழகு.