கபாலச் சந்தியும் ஓர் ஆராய்ச்சி வாழ்வும்

ரணசிகிச்சை நிபுணர் ஒருவரின் ஆராய்ச்சியை மதிப்பிடப் புகுவோர் அவர் பிரசுரித்த கட்டுரைகளை எண்ணத் தொடங்கிவிடுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். ஆயினும், எந்த ஒரு கேள்வியை அவர் விடாது பற்றிக்கொண்டார், அந்தப் பற்று எங்கே அவருக்கு ஒளியாயிற்று, எங்கே பிரமாணத்தின் எல்லையைத் தாண்டிற்று என்று பார்ப்பதே தகுந்த விசாரணை என்பது என் அபிப்பிராயம். இவ்விசாரணைக்குப் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் நரம்பியல் ரணசிகிச்சைத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் அதுல் கோயலைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் அருகில் இல்லை.

1926இல் திறக்கப்பட்டு மாநகராட்சியால் நடத்தப்பட்டுவரும் அவ்வாஸ்பத்திரி, பரேலில் இருக்கிறது. தாராவித் தமிழரும் மராட்டியக் கிராமவாசியும் உத்தரப் பிரதேசத்து ஏழையும் ஒரே வரிசையில் காத்திருக்கும் அவ்விடத்தில், பிற தேசங்களில் ஒரு நிபுணர் எப்போதோ காணும், கபாலமும் கழுத்தெலும்பும் கூடுமிடமாகிய கபாலச் சந்தியின் கோளாறுகள் அன்றாட அனுபவமாகிவிடுகின்றன. ஆராய்ச்சிக்கூடம் இல்லாத குறையை நோயாளிகளின் பெருக்கம் நிரப்பிற்று என்று சொல்வது சற்றே குரூரமாக ஒலிக்கலாம். எனினும் உண்மை அதுவே.

கழுத்தின் முதல் எலும்பாகிய அட்லஸும் அடுத்ததாகிய ஆக்ஸிஸும் ஒன்றின்மீது ஒன்று நழுவினால் தண்டுவடம் நசுங்கிக் கைகால்கள் செயலிழக்கும். 1939இல் காலி என்பவர் விவரித்த முறை முதலாக, எலும்புகளின் பின்வளைவுகளைக் கம்பியால் கட்டுவதே நெடுநாள் வழக்கமாயிருந்தது. பின்னர் மாகெர்ல் என்பவர், இவ்விரு எலும்புகளின் மூட்டை ஊடுருவிச் செல்லும் திருகாணியைக் கொணர்ந்தார். கோயலோ மூட்டையே திறந்து, அதன் குருத்தெலும்பைச் சுரண்டி, எலும்புத் துணுக்குகளை இட்டு, இரண்டு எலும்புகளின் பக்கத் திண்மங்களிலும் தனித்தனியே திருகாணி பொருத்தி, தகட்டால் இணைத்தார். 1988இல் தொடங்கிய இம்முறையை லஹேரி என்பவருடன் சேர்ந்து 1994இல் அவர் வெளியிட்டார். 2001இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ் என்பவர் தகட்டுக்குப் பதிலாகத் தண்டும், எத்திசையிலும் திரும்பும் தலையுடைய திருகாணியும் கொண்டு இதனைச் சுலபமாக்கினார்; இன்று முறை இருவர் பெயரையும் தாங்குகிறது. பரேலின் முன்னுரிமை ஓரளவேனும் நிலைத்தது என்று நாம் திருப்தி கொள்ளலாம்.

ஆனால் என் கருத்தில் இதனினும் மேலானது அடுத்த கட்டம். ஆக்ஸிஸின் முளை கபாலத்துக்குள் ஏறி முகுளத்தை அழுத்தும் நோயைப் பற்றி, 190 நோயாளிகளை ஆராய்ந்து 1998இல் கோயல் எழுதியபோது, ஒரு சாராருக்கு வாய்வழியாக முளையை அகற்றுவதையும் மறு சாராருக்குக் கபாலத்தின் அடித்துவாரத்தை அகலப்படுத்துவதையும் அவரே பரிந்துரைத்தார். ஆறே ஆண்டுகளில், 2004இல், மூட்டை விரித்துப் பொருத்தினால் முளை தானே கீழிறங்குகிறது என்று 22 நோயாளிகளைக் கொண்டு காட்டித் தம் முந்தைய உபதேசத்தைத் தாமே பின்தள்ளினார். முளை இறங்கியதைப் படத்தில் எவரும் அளந்து பார்க்கலாம். நிரூபணம் நிபுணரின் வாக்கில் தங்கியிருக்கவில்லை.

2015இல் வெளிவந்த கட்டுரையின் நிலை அப்படியன்று. சிறுமூளையின் அடிநுனிகள் கழுத்தின் தண்டுவடக் குழாய்க்குள் இறங்கும் கியாரி நோய்க்கும் அதே மூட்டின் தளர்ச்சியே காரணம் என்றும், துவாரத்தை அகலப்படுத்தாமலே எலும்புகளைப் பிணைத்தால் போதும் என்றும் 65 நோயாளிகளை வைத்து அது வாதிக்கிறது. படத்தில் தளர்ச்சி புலப்படாதவிடத்தும், அறுவை மேஜையில் எலும்பைக் கையால் அசைத்துப் பார்த்து அது உண்டெனக் கொள்ள இக்கோட்பாடு இடம் தருகிறது. சாட்சியும் நீதிபதியும் இங்கே ஒருவரே. ஒப்பிட்டுப் பார்க்க வேறு முறையில் சிகிச்சை பெற்ற கூட்டமும் இல்லை. நோயாளிகள் தேறினார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. தேறியதற்குக் காரணம் இதுவே என்பதுதான் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. தெளிவான தளர்ச்சி இல்லாதபோது துவாரத்தை அகலப்படுத்தும் பழைய முறையையே பெரும்பாலான நிபுணர்கள் இன்றும் கைக்கொள்வதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. தலையை இடமும் வலமும் திருப்பும் சக்தியில் ஏறக்குறையப் பாதி அந்த ஒரு மூட்டைச் சார்ந்தது. அதைப் பிணைத்துவிட்டால் அந்தச் சக்தி திரும்பி வருவதில்லை. ஆகவே இரு சிகிச்சைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும் பரீட்சையைக் கோரும் பொறுப்பு, புதிய கோட்பாட்டை முன்வைப்பவரையே முதலில் சாரும்.