மாவோரி வழிக் கல்வி

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தம் மொழியிலும் தம் பொறுப்பிலும் 1980-கள் முதல் நடத்திவரும் கல்வி முறை மாவோரி வழிக் கல்வி எனப்படுகிறது. மழலையர் பள்ளியில் தொடங்கி உயர்கல்வி வரை இது நீள்கிறது. காலனியக் கல்வியை மாற்றியமைப்பது குறித்த விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் முயற்சி இது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிமார் நடத்திய பள்ளிகளில் பாடம் மாவோரி மொழியில்தான் நடந்தது. 1847-இல் வந்த அரசாணை, அரசு உதவி பெறும் பள்ளிகள் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்றது. 1867-ஆம் ஆண்டுப் பூர்வகுடிப் பள்ளிகள் சட்டத்தின்படி, ஊரார் நிலம் கொடுத்துக் கேட்டால் அரசு பள்ளி தொடங்கும். ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலம். பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டுமென்று பெற்றோர் பலரும் விரும்பியே நிலம் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டு மொழிக்குப் பள்ளியில் தண்டனை கிடைத்ததுதான் கொடுமை. பிற்காலத்தில் மாவோரிப் படைப்பிரிவின் தளபதியான ஜேம்ஸ் ஹெனாரே, பள்ளி வளாகத்தில் மாவோரி பேசியதற்காகத் தம்மைக் காட்டுக்கு அனுப்பி, அடிப்பதற்கான கொடியைத் தம்மையே வெட்டிவரச் செய்ததை 1980-களில், மாவோரிகளின் ஒப்பந்த முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி நடுவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார்.

என்ன படிக்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு இருந்தது. மாவோரித் தலைவர்களான அபிரானா ஙாட்டா, மௌய் போமாரே, தே ராங்கி ஹீரோவா ஆகியோரை உருவாக்கிய தே ஆவுட்டே கல்லூரி, மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்திவந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வித்துறை அதன்மீது நெருக்கடி கொடுத்தது: மாவோரிப் பிள்ளைகளுக்கு லத்தீனும் வடிவியலும் எதற்கு, வேளாண்மையும் கைத்தொழிலும் போதுமே என்பது அதிகாரிகளின் வாதம். வழக்கறிஞரும் மருத்துவரும் வெளிவந்துகொண்டிருந்த ஒரு பள்ளியைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள்.

1913-இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 90 விழுக்காட்டினர் தாய்மொழி பேசினார்கள். 1975-இல் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தது இந்தச் சரிவை விரைவுபடுத்தியது. 1972-இல் ஙா தாமாத்தோவா என்ற இளைஞர் அமைப்பும் பல்கலைக்கழக மாணவர்களும் 30,000-க்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். பள்ளியில் மாவோரி மொழி கற்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை.

பெரிய திருப்பம் 1982-இல் வந்தது. வெலிங்டன் அருகே வைனுயிஓமாட்டாவில் முதல் ‘கோஹங்கா ரேயோ’ திறக்கப்பட்டது. ‘மொழிக்கூடு’ என்று பொருள். நடு வயதினர் பலருக்கு மொழி தெரியாது, பாட்டிமாருக்குத் தெரியும். ஆகவே ஒரு தலைமுறையைத் தாண்டி, பாட்டிகளையும் குழந்தைகளையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தார்கள். உள்ளே ஆங்கிலம் கிடையாது: காலை வேண்டுதல், பாட்டு, சாப்பாடு, கண்டிப்பு, கொஞ்சல் எல்லாம் மாவோரியில். நிர்வாக முடிவுகளைப் பெற்றோரும் உறவினரும் கூடி எடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 100 கூடுகள் தோன்றின. 1990-களின் நடுவில் சுமார் 800 கூடுகளில் 14,000 குழந்தைகள் இருந்தார்கள். ஹவாய் மக்களும் இதைப் பார்த்தே தங்கள் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

இந்தக் குழந்தைகள் ஐந்து வயதானதும் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்ச் சில மாதங்களில் மொழியை விட்டுவிடுவதைப் பெற்றோர் கண்டார்கள். அதனால் 1985-இல் ஆக்லாந்தின் மேற்குப் பகுதியில், ஹோவானி வைத்தித்தி மராயே என்ற சமூகக் கூடத்தில், முதல் ‘குரா கௌபாப்பா மாவோரி’ பள்ளி அரசின் ஏற்பு இல்லாமலேயே தொடங்கியது. 1986-இல் வைத்தாங்கி நடுவர் மன்றம், மாவோரி மொழி, பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையிலான 1840-ஆம் ஆண்டு வைத்தாங்கி ஒப்பந்தம் காக்க உறுதியளித்த செல்வங்களில் ஒன்று என்று தீர்ப்பளித்தது. 1987-இல் அது ஆட்சிமொழியானது. குராப் பள்ளிகளுக்குச் சட்ட ஏற்பு அதன் பிறகே வந்தது. அரசு கொடுப்பதற்கு முன்பே ஊரார் முந்திக்கொண்டதே இந்த வரலாற்றின் சாரம்.

ஆனால் மாவோரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் ஆங்கிலவழிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அங்கே மொழிக்கூடு கைகொடுக்காது. வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் பிஷப் 2001-இல் தொடங்கிய ‘தே கோட்டாஹிதங்கா’ திட்டம், ஏன் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று மாணவர்களிடமே கேட்டது. ஆசிரியர் தம்மை நடத்தும் விதமே காரணம் என்றார்கள் அவர்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோரோ வீட்டுச் சூழலையும் பிள்ளைகளின் குறைகளையும் கைகாட்டினார்கள். திட்டம் பாடநூலை விட்டுவிட்டு ஆசிரியரின் பார்வையைக் குறிவைத்தது. பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்கள் வந்து வகுப்பைக் கவனித்து, பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசினார்கள்.

பாடத்திட்டத்தில் வந்த அண்மை மாற்றத்துக்கு மாணவர்களும் ஒரு காரணம். 1864-இல் மாவோரிகளுக்கும் காலனிய அரசுக்கும் போர் நடந்த இடங்களைப் பார்வையிட்ட ஓட்டோரோஹங்கா கல்லூரி மாணவிகள், தங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது தங்களுக்குச் சொல்லப்படவில்லையே என்று கொதித்து, அந்த வரலாற்றைப் பள்ளியில் கற்பிக்கக் கோரி 12,000-க்கு மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டி 2015-இல் நாடாளுமன்றத்தில் கொடுத்தார்கள். நியூசிலாந்து வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்குவதாக 2019-இல் அரசு அறிவித்தது; 2023-இல் அது எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. அந்தந்த வட்டாரத்து மாவோரிக் குலங்களோடு கலந்தே பள்ளிகள் பாடத்தை அமைக்க வேண்டும் என்று அந்தப் பாடத்திட்டம் எதிர்பார்த்தது.